பாயிண்ட் ஏழு அஞ்சு

பதிமூன்றிலிருந்து நேராகப் பதினைந்துக்குத் தாவிவிடலாம் என்று சாந்தாமணி முடிவு செய்தபோது, கேள்வித்தாள் கைக்கு வந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. பதினாலாம் கேள்வியை அவள் முழுசாகக்கூடப் படிக்கவில்லை. 'கீழ்க்கண்ட வயர் அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துக' என்பது வரைக்கும் கண் போனது, அதற்குக் கீழே ஐந்து எண்கள், அதில் ஒன்று பூஜ்யத்தில் தொடங்கியது, அவ்வளவுதான், தெருவில் வேண்டாதவர் எதிரே வந்தால் சட்டென்று மளிகைக்கடைக்குள் நுழைந்துகொள்கிற மாதிரி பார்வை அடுத்த கேள்விக்குள் நுழைந்துகொண்டது. தாவினால் யார் கேட்கப் போகிறார்கள். மொத்தம் இருபத்தைந்து கேள்வி, ஒரு மணி நேரம், பதினைந்து சரியாக இருந்தால் பெண்களுக்கான எலக்ட்ரீசியன் பயிற்சியில் இடம். ஒரு வருஷம் படித்தால் சர்டிபிகேட். முப்பத்தி நாலு வயசில், எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்கு இது பெரிய காரியம்தான். எட்டாவதில் அவளை விரட்டியதே கணக்குதான், அந்தக் கணக்கையே மறுபடி தேடிக்கொண்டு வந்து, காலேஜ் பிள்ளைகள் மாதிரி பரீட்சை அட்டையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டே இருந்தது. தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று ஓடியது, காற்றைவிடச் சத்தம்தான் அதிகம், சுவரிலிருந்த சுவிட்ச் போர்டில் ஒரு ஸ்குரூ இல்லை, மூலையில் மட்டும் தட்டு லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. ஸ்குரூ. அதைப் பார்த்திருக்க வேண்டாம். காலையில் கேட்டுக்கு வெளியே மொபெட்டை நிறுத்திவிட்டு லோகநாதன் சொன்னது காதுக்குள் திரும்ப வந்துவிட்டது. "நீ பாஸ் பண்ணிட்டீன்னா அந்த டூல்ஸ் பைய உனக்கே குடுத்தர்றேன் சாந்தா. என்ற கை வெளங்காத கை. நீயாச்சும் ஸ்குரூவ ஒழுங்கா முடுக்கு, என்ற தப்ப நீ பண்ணிராத." சொல்லிவிட்டுச் சிரித்தான் வேறு. அவள் தலையை ஆட்டினாள். கட்டின புருஷன் முகத்தைப் பார்த்து ஒரு பொய்க்குத் தலையாட்டிவிட்டு, பேனாவையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

பதினைந்தாம் கேள்வி நல்ல கேள்வி, வயிற்றில் பால் வார்த்தது. எட்டில் மூன்றும் நாலில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு. மகள் தாரணி தன் பழைய ஆறாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கீழே உள்ள எண்ணைச் சமமாக்கு, மேலே உள்ளதைப் பெருக்கு என்று ஒரு மாதம் சொல்லிக் கொடுத்தும் மண்டையில் ஏறவில்லை, கடைசியில் ஒருநாள் சாந்தாமணிக்கே தோன்றியது, ஒரு இஞ்சுக்கு எட்டு நூல், இது தச்சனுக்கும் தெரியும் பிளம்பருக்கும் தெரியும், எட்டில் மூன்று என்றால் மூன்று நூல், நாலில் ஒன்று என்றால் கால் இஞ்சு, அதாவது இரண்டு நூல், மூணும் ரெண்டும் அஞ்சு நூல், எட்டில் ஐந்து. "இதுக்கா ஒரு பக்கம் எழுதறீங்க?" என்று மகளைக் கேட்டாள். தாரணி வாயைப் பிளந்தது. எட்டு வருஷம் லோகநாதனோடு வீடு வீடாகப் போனவள் அவள். பைப் வளைப்பாள், சுவரைக் கொத்துவாள், வயர் இழுப்பாள், சுவிட்ச் மாட்டுவாள், பெண்பிள்ளை ஏணியில் நிற்கிறாள் என்று வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஒரு பார்வையில் அனுப்பிவைப்பாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பான் லோகநாதன், உனக்குக் கை பேசுது, போதும் என்பான். அது பேசத்தான் செய்தது. வயரை விரலிடுக்கில் உருட்டினாலே இது ஒன்றரை, இது ரெண்டரை, இது நாலு என்று சொல்லிவிடுவாள். ஆனால் அதெல்லாம் அவளுக்கு எண்ணே இல்லை, ஆள் பெயர் மாதிரிதான். ஒன்றரை என்றால் லைட்டுக்கும் ஃபேனுக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் போகிறவன், நாலு என்றால் மெயினுக்குப் போகிற தடியன். ஒன்றரைக்கும் ரெண்டரைக்கும் நடுவில் என்ன உறவு, எது எதில் பாதி என்றெல்லாம் யார் யோசித்தது. பதினைந்துக்கு விடையை எழுதிவிட்டுப் பதினாறுக்குப் போனாள். எண்பது பல்பில் பதினைந்து சதவீதம் உடைந்துவிட்டால் உடைந்தவை எத்தனை. எண்பதுக்குப் பத்து சதவீதம் எட்டு, அதில் பாதி நாலு, பன்னிரண்டு. பன்னிரண்டு பல்பு உடைகிற மாதிரி எவன் வண்டி ஓட்டினான் என்று ஒரு சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த சுவட்டிலேயே, உடைத்தவன் யார் என்று இந்தக் கேள்வி கேட்கவில்லையே, எத்தனை என்று மட்டும்தானே கேட்கிறது என்று ஒரு நினைப்பும் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

பதினேழில் ஏணி. சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஏணியின் கால், சுவரில் நாலு மீட்டர் உயரத்தில் அதன் தலை, ஏணியின் நீளம் என்ன. கொத்தனார் மூலை மட்டம் பிடிக்கும்போது மூணு நாலு அஞ்சு என்று கயிறு கட்டுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடம், ஐந்து என்று எழுதினாள், எழுதும்போதே அந்த ஏணி அவள் நின்ற ஏணியாகிவிட்டது, பனியன் கம்பெனிகளுக்கு வேலை எடுத்துச் செய்கிற அந்தச் சின்ன அயர்ன் யூனிட், தகரக் கூரை, ஆவி வாடை, புதுத் துணியின் சுண்ணாம்பு வாடை, மூட்டை மூட்டையாக வெள்ளை பனியன்கள். மூன்று வருஷம் முந்தி, ஆடி மாசம். பாதி வேலை முடித்திருந்த லோகநாதனுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள், காமாலை என்று படுக்க வைத்துவிட்டார்கள். கடைசியாக அவன் செய்துவைத்தது நடுச் சுவரில் இருந்த ஜங்ஷன் பாக்ஸ். அங்கிருந்து புது அயர்ன் டேபிள் வரைக்கும் ஒரு லைன் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. அவள் தனியாகப் போனாள். ஒன்றரை வயர் பத்தடி பத்தவில்லை. போன் போட்டாள். "ஒன்றரையே போடு. இல்லீன்னா அதவிடப் பெருசா ஏதாச்சும் போடு. சின்னது மட்டும் போட்றாத" என்றான், தொண்டை வறண்டு, பாதித் தூக்கத்தில். பையைக் குடைந்தாள். ஒரு சுருள் இருந்தது, சிவப்பு, மேலே தடித்த பிளாஸ்டிக், நெளிவாக நல்ல வயர். சீட்டில் 0.75 என்று போட்டிருந்தது. அவள் ஏணியிலிருந்து இறங்கி, காலிச் சுருளின் சீட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதில் 1.5. இதில் 0.75. அங்கே பதினஞ்சு, இங்கே எழுபத்தஞ்சு. உருட்டிப் பார்த்தபோது விரல் என்னவோ சன்னமாக இருக்கிறது என்று சொன்னது. சொல்லாமல் இல்லை, இன்றைக்கும் அவள் கையைக் குறை சொல்லமாட்டாள், கை அதன் வேலையைச் செய்தது. ஆனால் படித்தவன் அச்சடித்து ஒட்டின சீட்டு எழுபத்தைந்து என்கிறபோது, எட்டாவதில் கணக்கில் ஃபெயிலான ஒருத்தியின் விரல் என்ன பெரிய விரல். சீட்டை நம்பினாள். பைப்புக்குள் விட்டு இழுத்தாள், முடுக்கினாள், சுவிட்சைப் போட்டாள், அயர்ன் பெட்டியில் லைட் எரிந்தது. அயர்ன் மாஸ்டர் துரைசாமி அண்ணன் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடு வந்துருச்சு தங்கச்சி, கெட்டிக்காரிதான் போ" என்றார்.

"இன்னும் அரை மணி நேரம்" என்று முன்னால் நின்ற மேடம் சொன்னார், சின்னப் பெண்தான், வாத்தியாரம்மா மாதிரி இருக்கவேண்டும் என்று கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டிருந்தது. "ரஃப் ஒர்க் எல்லாம் கடைசிப் பக்கத்துல பண்ணுங்க. தெரியாததை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க." தெரியாததை விடலாம். தெரிந்ததை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன புத்தி சொல்வது. பதினெட்டில் சுவரின் பரப்பளவு, நாலு மீட்டருக்கு மூன்று மீட்டர், பன்னிரண்டு, எழுதினாள், சுவர் வந்தது, அந்தச் சுவர், கரி பிடித்த சுவர். வேலை முடிந்து நாற்பது நாளில் யூனிட் எரிந்தது. புது டேபிளில் இரண்டு பெட்டியை ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள், அவசர ஆர்டர், காலையிலிருந்து நிறுத்தவில்லை. பைப்புக்குள்ளேயே வயர் வெந்து, பாக்ஸ் உருகி, பக்கத்தில் அடுக்கியிருந்த துணிமூட்டை பிடித்துக்கொண்டது. எல்லாரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். துரைசாமி அண்ணன் மட்டும் இரண்டாவது மூட்டையை இழுக்கத் திரும்ப உள்ளே போனார். உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார், எல்லாரும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள், உயிருக்கு ஒண்ணுமில்ல, உயிருக்கு ஒண்ணுமில்ல. முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் தோல் சுருங்கி, வலது கையில் மூன்று விரல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. பெட்டி பிடிக்க முடியாது, பட்டன் போட முடியாது, ஒரு ஆரஞ்சை உரிக்க முடியாது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லோகநாதன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவான், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்து, நாரெடுத்து, கொட்டையெடுத்துக் கொடுத்துவிட்டு வருவான். வரும்போது அவன் நகக்கண்ணில் மஞ்சளாக அந்த வாடை இருக்கும். அவள் ஒருதடவைகூடப் போனதில்லை. தலைவலி, தாரணிக்குப் பரீட்சை, தண்ணி வருகிற நாள், ஒவ்வொரு மாதமும் ஒரு சாக்கு. இன்றைக்கும் முதல் ஞாயிறுதான்.

எரிந்த மறுநாள் லோகநாதன் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அந்த இடத்தைப் பார்த்தான். பாக்ஸ் இருந்த இடத்தில் ஒரு கருப்புக் கட்டி. வீட்டுக்கு வந்து கேட்டான், "நீ கடைசீல என்ன வயர் போட்ட?" அவள் சொன்னாள், "நீங்க சொன்னாப்பலதானுங், ஒன்றரைக்குப் பெருசு." அது பொய் இல்லை. சத்தியமாகப் பொய் இல்லை. அன்றைக்கு அதுதான் அவளுக்குத் தெரிந்த நிஜம். இதை அவள் மனசுக்குள் எத்தனை ஆயிரம் தடவை எடுத்து எடுத்து வைத்திருப்பாள், கோர்ட்டில் நிற்கிறவள் மாதிரி. அவன் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அப்ப பாக்ஸ்ல நான் முடுக்குன ஸ்குரூதான். அன்னிக்கே காச்ச வந்துருச்சு, கை நடுங்குச்சு, சரியா முடுக்காம வந்துட்டேன்" என்றான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நாலு பேர் வந்து ஆறுதல் சொன்னார்கள். சறுக்காத ஆனை அப்படியே உட்கார்ந்துவிட்டது. டூல்ஸ் பையைப் பரண் மேல் தூக்கிப் போட்டான். இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறான். அங்கேயும் சும்மா இருப்பதில்லை, யாரோ ஊர் பேர் தெரியாதவன் நிறுத்திவிட்டுப் போன வண்டியில் கண்ணாடி ஆடினால் ஸ்பேனர் எடுத்து முடுக்குவான். எதையும் மூன்று தடவை முடுக்குவான். கேஸ் ரெகுலேட்டர், தண்ணிக் குழாய், தாரணியின் பாட்டில் மூடி. குழாய்க்கு மாதம் ஒரு வாஷர் போகும். ஊறுகாய் பாட்டிலைத் திறக்க அவளும் மகளும் மல்லுக்கட்டுவார்கள். முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருநாள் தூக்கத்தில் அவன் வலது கை போர்வை நுனியைப் பிடித்துத் திருகுவதைப் பார்த்தாள், ஒண்ணு, ரெண்டு, மூணு. அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

பத்தொன்பது, பன்னிரண்டு மீட்டர் அறுபது சென்டிமீட்டர் பைப்பை ஆறு சம துண்டாக வெட்டினால் ஒரு துண்டு எவ்வளவு. இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர். இதை 2.1 என்று எழுதவேண்டும், 2.10 என்றாலும் அதேதான் என்று தாரணி சொல்லியிருக்கிறது, பத்து எப்படி ஒன்றுக்குச் சமமாகும் என்று அவள் கேட்டபோது, "பாயிண்டுக்குப் பின்னாடி இருக்குறது வேற கதைம்மா" என்றது. வேற கதைதான். தீப்பிடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, தாரணி அப்போது ஐந்தாம் வகுப்பு, சாயங்காலம், அவள் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள், பிள்ளை தரையில் குப்புறப் படுத்துச் சத்தம் போட்டு வீட்டுப்பாடம் செய்தது. எது பெரியது, 0.75-ஆ, 1.5-ஆ. "எழுபத்தஞ்சு" என்று இவள் அரிவாள்மனையில் இருந்தபடியே சொன்னாள், ஒத்தாசைக்கு. தாரணி சிரித்தது. "அய்யோ அம்மா, பாயிண்டுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பாரு. பூஜ்யம். அப்ப அது ஒண்ணுகூட இல்ல. முக்கால்தான். ஒன்றரைல பாதி." முக்கால். ஒன்றரையில் பாதி. அரிவாள்மனை விரலில் இறங்கியதுகூடத் தெரியவில்லை, வெங்காயம் சிவந்த பிறகுதான் தெரிந்தது. பிள்ளை பயந்துபோய் மஞ்சள் டப்பாவை எடுத்து வந்தது. வலிக்குதாம்மா, வலிக்குதாம்மா என்றது. விரல் வலிக்கவில்லை. அந்தக் கணத்திலிருந்து, அன்றைக்கு வரைக்கும் நிஜமாக இருந்த ஒரு சொல் பொய்யாக மாறி அவள் வாயிலேயே தங்கிவிட்டது. அன்று ராத்திரியே சொல்லியிருக்கலாம். அன்று அவனுக்கு வண்டி ஸ்டாண்டில் யாரோடோ சண்டை, சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டான். மறுநாள் சொல்லியிருக்கலாம். மறுநாள் அவன் அம்மாவுக்குத் திதி. அப்புறம் தீபாவளி வந்தது, கோயில் நோம்பி வந்தது, சொல்லாத நாள் ஒவ்வொன்றும் முந்தின நாளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, இப்போது எந்த நாளை உருவினாலும் மொத்த அடுக்கும் சரியும் போல ஆகிவிட்டது. தெரியாமல் செய்ததற்கு மன்னிப்பு உண்டு, அவன் மன்னிப்பான், அவன் குணம் அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்த பிறகு இரண்டு வருஷம், அவன் மாதாமாதம் ஆரஞ்சு உரிப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தாளே, அதற்கு?

இருபத்தி ஒன்றில் மாட்டிக்கொண்டாள். V = I × R. V இருநூற்று முப்பது, I ஐந்து, R எவ்வளவு. எழுத்தையும் எண்ணையும் யாரோ கலந்து வைத்துவிட்டார்கள், சாம்பாரில் மல்லிகைப்பூ விழுந்த மாதிரி. தாரணி சொன்னதை நினைத்துப் பார்த்தாள், இந்தப் பக்கம் பெருக்கலாக இருப்பது அந்தப் பக்கம் போனால் வகுத்தலாகிவிடும், இந்தப் பக்கம் சும்மா இருப்பது அந்தப் பக்கம் போனால் சுமையாகிவிடும், இல்லை, அப்படிச் சொல்லவில்லை, அது அவளாகச் சேர்த்தது. இருநூற்று முப்பதை ஐந்தால் வகுக்க நாற்பத்தி ஆறு. கடைசிப் பக்கத்தில் கூட்டிக்கழித்துப் பார்த்தாள், சரிதான். இதுவரை எழுதியதில் குறைந்தது பதினாறு தேறும். பதினாறு போதும். போதும் என்று தெரிந்ததும் சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. பாஸானால் அன்று சாயங்காலமே அவன் பரணில் ஏறுவான். பையை இறக்கி, தூசி தட்டி, ஒவ்வொரு ஸ்குரூ டிரைவராகத் துடைத்து அவள் கையில் கொடுப்பான், கொடுத்துவிட்டு அதே வார்த்தையைச் சொல்வான், என்ற தப்ப நீ பண்ணிராத. அவள் அதை வாங்கிக்கொண்டு ஊரெல்லாம் வேலைக்குப் போவாள். அவன் ஸ்டாண்டில் அடுத்தவன் வண்டிக் கண்ணாடியை முடுக்கிக்கொண்டு கிடப்பான், சாகிற வரைக்கும். நல்ல கைக்காரன் அவன். அந்தக் கையை அவள்தான் முடமாக்கினாள், துரைசாமி அண்ணனுடையதோடு சேர்த்து மொத்தம் எத்தனை கை, இதற்கு ஒரு கணக்குப் போடுங்கள் மேடம். சொன்னால் என்ன ஆகும். அடிக்கமாட்டான், கத்தமாட்டான், அதுதான் பயம், பேசாமல் போய்விடுவான். இவள் உட்கார்ந்திருக்கிற அறையில் உட்காரமாட்டான். இவள் வைத்த குழம்பைத் தொடாமல் எழுந்துபோவான். தாரணி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். துரைசாமி அண்ணன் வீட்டில் என்ன சொல்வார்கள், கெட்டிக்காரி தங்கச்சி வந்திருக்கு பாருங்க என்றா. பாஸாகாமல் போய்விட்டால் எதுவும் சொல்லவேண்டாம் என்று ஒரு குரல் சொன்னது, நைசாக, உறவுக்காரக் குரல் மாதிரி. இரண்டு மூன்று விடையை அடித்துவிடு. பதிமூன்றில் நிறுத்திக்கொள். பை பரணிலேயே கிடக்கட்டும். அவள் பேனாவைத் தாளின் மேல் கொண்டுபோனாள், பதினேழாம் கேள்விக்கு எழுதிய ஐந்தின் மேல் முனை வைத்து நின்றாள். ஏணி ஐந்து மீட்டர். அது சரியான விடை. சரியென்று தெரிந்தே தப்பாக்குவது இன்னொரு தடவையா என்று வந்த கோபத்தில் பேனாவை எடுத்துவிட்டாள். கோபம் யார்மேல் என்று பார்த்தால், இரண்டு வருஷமாக தனக்குள்ளேயே குடியிருக்கிற ஒருத்தி மேல்.

"கடைசி அஞ்சு நிமிஷம். பேரு, நம்பர் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கங்க." அவள் பதினாலாம் கேள்விக்குத் திரும்பினாள். இந்தத் தடவை முழுசாகப் படித்தாள். 1.5, 0.75, 4, 2.5, 1. ஐந்தும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றன. வெறுமனே விட்டுவிடலாம், வெற்றிடம் என்றால் தெரியாது என்று அர்த்தம், தெரியாது என்பது ஒரு காலத்தில் உண்மையாகவும் இருந்தது. ஆனால் இப்போது தெரியும். தெரியாத சாந்தாமணி ஏணியில் ஏறி வயர் இழுத்துவிட்டுப் போய்விட்டாள், அவளுக்குப் பதில் சொல்ல தெரிந்த சாந்தாமணிதான் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். முதல் கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். புள்ளி வைத்தாள். ஏழு, ஐந்து. நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். 0.75, பிறகு 1, பிறகு 1.5, பிறகு 2.5, கடைசியில் தடியன் 4. எழுதி முடித்துவிட்டு முதல் எண்ணை மறுபடி பார்த்தாள். இரண்டு வருஷமாகச் சொல்லவேண்டியதை அவள் ஒரு தாளில் எழுதியாகிவிட்டது, படிக்கப்போவது மட்டும் யாரோ முன்பின் தெரியாத திருத்துகிறவர். அவர் ஒரு டிக் போட்டுவிட்டுப் போவார். அது போதாது என்று அவளுக்குத் தெரிந்தது. மணி அடித்தது. மேடம் தாளை வாங்கிக்கொண்டபோது, "ஏங்க்கா, உடம்பு சரியில்லையா?" என்றது. "இல்லீங் மேடம், வேர்வைங்" என்றாள்.

வெளியே வேப்பமரத்தடியில் லோகநாதன் குந்தி உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் மொபெட். அவளைப் பார்த்ததும் எழுந்தான். "எப்படி எழுதுன?"

"எழுதிட்டேனுங்."

"பாஸாயிருவியா?"

"ஆயிருவேனாட்டத்தான் இருக்குது."

அவன் முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. "அப்ப பை உன்றதுதான் போ" என்று சொல்லிக்கொண்டே, வெறுங்கையோடு நிற்கத் தெரியாதவனாக, ஸ்பேனரை எடுத்து மொபெட் கண்ணாடியின் நட்டில் வைத்தான். ஒன்று.

"மாமா. பதினாலாவது கேள்வில வயர் அளவு கேட்டிருந்தாங்க. பாயிண்ட் ஏழு அஞ்சு பெருசா, ஒன்றரை பெருசான்னு."

"இதென்ன கேள்வி. கொழந்தைக்குத் தெரியும்." இரண்டு.

"எனக்குத் தெரியலீங். அன்னிக்கு அயர்ன் டேபிளுக்கு நான் போட்டது பாயிண்ட் ஏழு அஞ்சு. எழுபத்தஞ்சுன்னு நெனச்சுப் போட்டுட்டேன்."

ஸ்பேனர் நின்றது. அவன் நட்டைப் பார்த்தபடியே கேட்டான், "பெருசு போட்டேன்னு சொன்ன."

"பெருசுன்னுதான் நெனச்சேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

இன்னிக்குத்தான் என்று சொல்லலாம். இப்ப, பரீட்சையில்தான் என்று சொல்லலாம், அவன் நம்புவான், சந்தேகப்படத் தெரியாதவன். நாக்கு அந்தச் சொல்லுக்குக் கிட்டப் போய்விட்டது. "ரெண்டு வருஷமாச்சுங்" என்றாள்.

கேட்டைத் தாண்டிப் பெண்கள் பேசிக்கொண்டே போனார்கள், ஒருத்தி ஏணிக் கணக்குக்கு ஏழு என்று எழுதிவிட்டாளாம், மற்றவள் சிரித்தாள். லோகநாதன் வலது கையை விரித்தான், மூடினான், மறுபடி விரித்து உள்ளங்கையைப் பார்த்தான். யாரோ இரவல் வாங்கிப்போய் இத்தனை நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்த சாமானைப் பார்ப்பது போல இருந்தது. "அப்ப அந்த ஸ்குரூ?" என்று கேட்டான்.

"நீங்க முடுக்குன ஸ்குரூ நல்லாத்தான் இருந்துருக்குமுங்."

அவன் ஸ்பேனரை டப்பாவில் போட்டு மூடினான். வண்டியை உதைத்தான். அவள் ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள், அவன் கிளம்பாமல் காத்திருந்தான், ஏறிக்கொண்டாள். கண்ணாடி இரண்டு திருகோடு நின்றுபோயிருந்தது. வேகத்தடையில் வண்டி குதித்தபோது அது தளர்ந்து கீழே சாய்ந்தது, அவன் முகம் தெரிந்த இடத்தில் சட்டைப் பட்டன் தெரிந்தது, அப்புறம் ரோடு தெரிந்தது. அவன் அதை நிமிர்த்தவில்லை. முதுகு மட்டும் அவளுக்கு முன்னால் இருந்தது, பதினாலு வருஷமாகப் பார்த்த முதுகு, அதிலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. நாலு ரோட்டில் இடது பக்கம் வீடு. அவன் ஓரம் கட்டினான். இங்கேயே இறங்கி நடந்து போ என்று சொல்லப்போகிறான் என்று நினைத்து அவள் ஒரு காலைக் கீழே ஊன்றினாள். அவன் இறங்கி, தள்ளுவண்டிக்காரனிடம் போய், எப்போதும்போல் அமுக்கிப் பார்த்து, ஒரு டஜன் ஆரஞ்சு பொறுக்கினான். திரும்பி வந்து பையை அவள் மடியில் வைத்தான். அவன் கண் சிவந்திருந்தது.

"இன்னிக்கு நீ உரிச்சுக் குடு" என்றான்.

வண்டி வலது பக்கம், துரைசாமி அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பியது. அவள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.